வல்லரசின் கையில் பட்டயம்: நான்கு கிறிஸ்தவ வழிகளில் எதைப் பிடிப்பது?

ஒரு பெரிய நாடு இன்னொரு நாட்டின் மேல் படை நகர்த்தியது என்று செய்தி வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைகளில் இரண்டு வசனங்கள் எதிரெதிரே வந்து நிற்கும். “பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்” என்பது ஒன்று (மத்தேயு 26:52). ஆளுகிறவனைப் பற்றிப் பவுல் எழுதிய “பட்டயத்தை அவன் விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை” என்பது மற்றது (ரோமர் 13:4). இரண்டும் வேதத்தில்தான் இருக்கின்றன. வசனத்துக்கு எதிர்வசனம் என்று போனால் பேச்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வல்லரசு உலக விவகாரங்களில் எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்குத் திருச்சபை மரபில் ஒரே பதில் கிடையாது. நான்கு வழிகள் உண்டு: பட்டயத்தையே தொடாத சாட்சி, நீதியான போர் என்ற அளவுகோல், நாடுகளுக்கு மேலான பொது அதிகாரம், கிறிஸ்தவ யதார்த்தவாதம். வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களும் இறையியல் மாணவர்களும் இவற்றுக்கு நடுவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐந்தாவது ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ‘எங்கள் நாடு தேவன் தெரிந்துகொண்ட நாடு, அதன் போர் தேவனுடைய போர்.’ அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஸ்பெயின் அமெரிக்கக் கண்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1539-ல், சலமன்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா என்ற தொமினிக்கத் துறவி தன் சொந்த அரசனின் நாட்டில் நின்றுகொண்டு சொன்னார்: மத வேறுபாடு போருக்குக் காரணம் ஆகாது, பேரரசை விரிப்பதும் ஆகாது, அரசனின் புகழும் ஆகாது. அவருக்கு முன்பே தீர்க்கதரிசி ஆமோஸ் இதை முடித்துவிட்டார். அவருடைய முதல் இரண்டு அதிகாரங்களில் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று அண்டை நாடுகள் ஒவ்வொன்றாகக் கூண்டில் ஏறுகின்றன. அம்மோன் மேல் குற்றச்சாட்டு, எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளைக் கீறிக் கொன்றது. மோவாப் செய்தது ஏதோம் ராஜாவின் எலும்புகளை எரித்தது; அதில் பாதிக்கப்பட்டவன் இஸ்ரவேலனே அல்ல. கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே யூதாவும் இஸ்ரவேலும் அதே கூண்டில் ஏற்றப்படுகின்றன. தெரிந்துகொள்ளப்பட்ட ஜனத்துக்கு அங்கே தள்ளுபடி இல்லை.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல்: இந்த வழி, அதைப் பிடித்திருக்கிறவரின் சொந்த நாட்டையே எப்போதாவது ‘வேண்டாம்’ என்று தடுத்திருக்கிறதா? எதிரி நாட்டின் போரை அநீதி என்று காட்ட எந்தக் கோட்பாடும் தேவையில்லை. சொந்த அரசு செய்த எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்லிவந்த கோட்பாடு, அரசு அலுவலகத்து ரப்பர் முத்திரைக்கு மேலானது அல்ல. இந்தக் கட்டுரையில் அதிக எடை இதற்குத்தான்.

இரண்டாவது, வழியில் அடிபடுகிறவன். நல்ல சமாரியன் கதையை வைத்து அமெரிக்க மெதடிஸ்ட் அறிஞர் பால் ராம்சே ஒரு கேள்வி எழுப்பினார்: கள்ளர் அடித்துப்போட்ட பிறகு வராமல், அடித்துக்கொண்டிருக்கும்போதே சமாரியன் வந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? நான்கு வழிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, விலையை யார் கொடுக்கிறார்கள். முடிவெடுப்பவரா, வேறொரு ஊரில் உறங்கிக்கொண்டிருப்பவரா?

நான்காவது, தவறிவிட்டால் திரும்பும் வழி. இதைப் பெரும்பாலான ஒப்பீடுகள் தொடுவதே இல்லை.

வழி 1: பட்டயம் தொடாத சாட்சி

இதற்கு இரண்டு கிளைகள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்வதால் வீண் சண்டை வருகிறது. 1527-ல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்ற சீர்திருத்தக் குழுவினர்), பட்டயம் தேவன் அரசுக்குக் கொடுத்தது, ஆனால் அது கிறிஸ்துவின் பரிபூரணத்துக்கு வெளியே இருக்கிறது என்றார்கள். ஆகவே கிறிஸ்தவன் நியாயாதிபதி பதவியையும் ஏற்கக் கூடாது. இந்தக் கிளை வல்லரசுக்கு ஆலோசனை சொல்ல வரவில்லை, விலகி நின்று வேறொரு வாழ்க்கையைக் காட்ட வந்தது. இங்கிலாந்தில் தோன்றிய ‘நண்பர்கள் சங்கம்’ என்ற குவேக்கர்கள் அப்படி இல்லை. 1661 ஜனவரியில் இங்கிலாந்து அரசன் இரண்டாம் சார்லஸிடம், எந்த நோக்கத்துக்காகவும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று அறிக்கை கொடுத்தவர்கள், இருபது ஆண்டு கழித்து ஆட்சியையே கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

அந்தச் சோதனைதான் அமெரிக்காவின் பென்சில்வேனியா. குவேக்கரான வில்லியம் பென் 1681-ல் சாசனம் பெற்று உருவாக்கிய குடியேற்றம் பல பத்தாண்டுகள் பூர்வகுடிகளோடு பெரிய போர் இல்லாமல் நடந்தது. பென்னின் வாரிசுகள் காலத்தில் நில ஒப்பந்தங்களில் ஏமாற்று நுழைந்தது. 1756-ல் டெலவேர், ஷானி என்ற பூர்வகுடி மக்கள் மேல் ஆளுநர் போர் அறிவித்தபோது சட்டசபையிலிருந்த குவேக்கர்கள் சிலர் பதவியை விட்டு விலகினார்கள். மனசாட்சி காப்பாற்றப்பட்டது, போர் நடந்தது.

மறைவான செலவு அங்கேதான். விலகியவரின் நாற்காலி காலியாக இருக்காது, அதில் மனசாட்சி உறுத்தாத ஒருவர் வந்து உட்காருவார். இன்னொரு செலவு, காவல் நிற்கிறவனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு காவலைக் குறைசொல்லும் நிலை. ராம்சேயின் கேள்விக்கு இந்த வழியிடம் உள்ள நேர்மையான பதில், ‘நடுவில் விழுந்து அடியை நான் வாங்குவேன்’ என்பது. சிலர் அப்படியே செய்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சகத்துக்கு அதைக் கொள்கையாக எழுதிக் கொடுப்பது வேறு காரியம்.

ஆனால் முதல் அளவுகோலில் இதற்கு நிகர் வேறில்லை. சொந்த அரசுக்கு ‘வேண்டாம்’ சொல்வதுதான் இதன் அன்றாடத் தொழில். முதல் உலகப் போர் முடிந்ததும், பகை ஆறாத நேரத்தில், அமெரிக்கக் குவேக்கர்கள் ஜெர்மனியில் உணவு மையங்கள் திறந்தார்கள். உச்சத்தில் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் குழந்தைகள் அங்கே சாப்பிட்டார்கள். 1947-ல் அமெரிக்க, பிரிட்டன் குவேக்கர் அமைப்புகளுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஆயுதமில்லாத கைக்கு இன்னொரு பயனும் உண்டு. மொசாம்பிக்கில் 1977 முதல் நடந்த உள்நாட்டுப் போரை முடித்த ஒப்பந்தம் 1992 அக்டோபர் 4-ல் ரோமில் கையெழுத்தானது. நடுவர்கள் சந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவின் இருவர், பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், இத்தாலி அரசின் பிரதிநிதி ஒருவர். 27 மாதம் பேசினார்கள். புதரிலிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள் இவர்களோடு உட்கார்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், இவர்களால் யாரையும் மிரட்ட முடியாது என்பது. அதே சமயம், கையெழுத்துக்குப் பிறகு ஆயுதங்களை வாங்கிவைக்கவும் 1994 தேர்தலை நடத்தவும் பல ஆயிரம் ஐ.நா. படையினர் தேவைப்பட்டார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

வழி 2: நீதியான போர் என்ற அளவுகோல்

பேச்சு வழக்கில் ‘நீதிப் போர்’ என்றால் போரை ஆதரிக்கும் கட்சி என்று ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அடிப்படையில் இது தடுப்புக் கதவு. 13-ம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மூன்று தாழ்ப்பாள் போட்டார்: போரை அறிவிக்க உரிமையுள்ள அதிகாரம், நீதியான காரணம், நேர்மையான நோக்கம். பின்வந்தவர்கள் மேலும் மூன்று சேர்த்தார்கள்: மற்ற வழிகள் தீர்ந்த பிறகே போர், வெற்றிக்கு நியாயமான வாய்ப்பு, விளையும் தீமை தடுக்கும் தீமையைவிடப் பெரிதாகக் கூடாது. ஆறும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஆறில் நாலு கிடைத்ததே என்று தேர்ச்சி போட இது பள்ளித் தேர்வு அல்ல.

இவை போருக்குள் நுழையும் வாசலுக்கானவை. உள்ளே போன பிறகு வேறு இரண்டு: போரிடாதவர்களைக் குறிவைக்கக் கூடாது, ஒவ்வொரு தாக்குதலும் அதன் இராணுவப் பயனுக்கு மிஞ்சிய அழிவைச் செய்யக் கூடாது. நுழைந்தது நீதியாக இருந்தாலும் உள்ளே நடப்பது அநீதியாகலாம் என்பதே இந்தப் பிரிவின் பொருள். இதை உயிரோடு காட்டியவர் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல். ஹிட்லருக்கு எதிரான போரை அவர் எதிர்க்கவில்லை. ஆனால் 1944 பிப்ரவரி 9-ல் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை ஒட்டுமொத்தமாகக் குண்டுவீசி அழிப்பதைக் கண்டித்துப் பேசினார். நாடு முழுவதும் போர்வெறியில் இருந்த நேரம் அது. கேன்டர்பரி பேராயர் பதவி அவருக்குக் கிடைக்காததற்கு அந்தப் பேச்சும் காரணம் என்று பலர் கருதுகிறார்கள். முதல் அளவுகோலை இந்த வழி நிறைவேற்றிய நாள் அது என்று தயங்காமல் சொல்லலாம்.

நிறைவேற்றாத நாட்களும் உண்டு. 2002 செப்டம்பரில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவைத் தலைவர் வில்டன் கிரெகரி, ஈராக் மேல் தானாக முந்திக்கொண்டு போர் தொடுப்பது நீதியான போரின் நிபந்தனைகளில் தேறுமா என்ற ஐயத்தை அதிபர் புஷ்ஷுக்குக் கடிதமாக எழுதினார். மூன்றே வாரத்தில், அக்டோபர் 3-ம் தேதி, தெற்கு பாப்டிஸ்ட் தலைவர் ரிச்சர்ட் லேண்டும் வேறு நான்கு சுவிசேஷத் தலைவர்களும் அதே அதிபருக்கு எழுதினார்கள்: அதே நிபந்தனைகள், எல்லாவற்றிலும் தேறுகிறது என்று முடிவு. 2003 மார்ச் 5, சாம்பல் புதன் அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் தூதராகக் கர்தினால் பியோ லாகி வெள்ளை மாளிகைக்குப் போய்ப் போர் வேண்டாம் என்றார். இரண்டு வாரத்தில் போர் தொடங்கியது.

ஒரே அளவுகோல் இரண்டு அளவைக் காட்டியது ஏன்? நோக்கம், கடைசி வழி, வெற்றி வாய்ப்பு, விளைவின் எடை ஆகிய நான்கும் வெறும் விதிகள் அல்ல, கணிப்புகள். கணிக்கத் தேவையான தகவல் போருக்குப் போக விரும்பும் அரசின் அலமாரியில் பூட்டியிருக்கிறது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று அரசு சொன்னதை உண்மை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டவருக்கு ஒரு விடை வந்தது, சான்றைக் காட்டு என்று கேட்டவருக்கு வேறு விடை வந்தது. ஆயுதம் கிடைக்கவில்லை.

இரண்டாவது குறை, போருக்குப் பிறகு என்ன என்ற கேள்வி இந்த மரபில் தாமதமாகவே வளர்ந்தது. பாக்தாத் விழுந்த சில வாரங்களில், 2003 மே 23-ல், அமெரிக்க நிர்வாகம் ஓர் ஆணையால் ஈராக் இராணுவத்தையே கலைத்தது. சுமார் 4 லட்சம் பேர் ஆயுதப் பயிற்சியோடும் சம்பளமில்லாமலும் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து வந்த ஆண்டுகளின் இரத்தத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. போருக்கு முன் 10 லட்சத்துக்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்பட்ட ஈராக் கிறிஸ்தவர்கள் பின்னர் மூன்று லட்சத்துக்கும் கீழே சுருங்கினார்கள். அப்போஸ்தலர் காலத்து வேர் கொண்ட சபைகள் அவை. அவற்றுக்கு வந்த கேட்டை வாஷிங்டனில் வேதம் கையில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் எந்தப் பத்தியிலும் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவது செலவு சிப்பாயுடையது. ஒரு போர் அநீதி என்று தெளிவாகத் தெரிந்தால் அரசன் கட்டளையிட்டாலும் போரிடக் கூடாது என்று வித்தோரியா எழுதினார். ஆனால் 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லாப் போரையும் எதிர்ப்பவருக்கு மட்டுமே மனசாட்சி விலக்கு உண்டு, ஒரு குறிப்பிட்ட போரை மட்டும் எதிர்ப்பவருக்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது. முதல் வழிக்காரருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இரண்டாம் வழியை நேர்மையாகப் பின்பற்றும் சிப்பாய்க்குச் சிறைதான். இந்த வழியைக் கற்பிக்கிற சபை அவனுக்கு வழக்கறிஞரையும் தேடித்தர வேண்டியிருக்கும்.

கத்தோலிக்கத் தலைமையே இப்போது இதில் தயங்குகிறது. பழைய நூற்றாண்டுகளில் உருவான அளவுகோல்களைக் கொண்டு ‘நீதியான போர்’ சாத்தியம் என்று பேசுவது இன்று மிகக் கடினம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020-ல் எழுதினார்.

வழி 3: நாடுகளுக்கு மேல் ஒரு பொது அதிகாரம்

கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணுப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோய் ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், 1963 ஏப்ரல் 11-ல், திருத்தந்தை 23-ம் ஜான் ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உலகளாவிய பிரச்சினைகளைத் தனித்தனி நாடுகளால் தீர்க்க முடியாது, உலகம் தழுவிய பொது அதிகாரம் ஒன்று வேண்டும், அதை வல்லரசுகள் திணிக்காமல் எல்லா நாடுகளும் ஒப்பி அமைக்க வேண்டும் என்பது அதன் வாதம். இந்த வழியில் வல்லரசின் தலைமை என்பது, தன்னையும் கட்டும் விதிக்கு முதலில் கழுத்து நீட்டுவது. “உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது” என்று இயேசு சீஷர்களிடம் சொன்னதற்கு (மத்தேயு 20:26) அரசியல் வடிவம் கொடுத்தால் ஏறத்தாழ இப்படித்தான் வரும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ருவாண்டாவில் 1994 ஏப்ரல் 7-ம் தேதி துத்சி இனத்தவர் மேல் கொலை தொடங்கியது. அன்றே பெல்ஜிய அமைதிப்படை வீரர் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள், பெல்ஜியம் படையைத் திரும்பப் பெற்றது. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 21-ல், பாதுகாப்பு கவுன்சில் 912-ம் தீர்மானத்தால் சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 பேராகக் குறைத்தது. நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் இறந்தார்கள். முந்தைய அக்டோபரில் சோமாலியாவில் 18 வீரர்களை இழந்திருந்த அமெரிக்கா, ‘இனப்படுகொலை’ என்ற சொல்லையே உச்சரிக்கத் தயங்கியது. நியமாத்தா, நித்தராமா ஆலயங்களில் அடைக்கலம் புகுந்தவர்கள் ஆலயத்துக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள், பெரும்பான்மை கிறிஸ்தவ நாட்டில். பொது அதிகாரம் இருந்தது, சட்டம் இருந்தது, கதவைத் தட்டியபோது திறக்க ஆள் இல்லை.

2009-ல் வன்னியில் நடந்ததும் இதே கதவு. அந்த மாதங்களில் பாதுகாப்பு கவுன்சில் இலங்கையை முறையான நிகழ்ச்சிநிரலில் எடுக்கவேயில்லை. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று சார்ல்ஸ் பெற்றி தலைமையிலான அதன் சொந்த உள்ளாய்வுக் குழுவே 2012-ல் எழுதியது.

செலவு இரண்டு பக்கமும் இருக்கிறது. கவுன்சிலைக் கேட்காமலே நேட்டோ 1999-ல் கொசோவோவுக்காக யூகோஸ்லாவியா மேல் 78 நாள் குண்டு வீசியது. சுயேச்சை ஆணையம் ஒன்று அதைச் சட்டவிரோதம், ஆனால் நியாயமானது என்றது. இந்த வழிக்காரருக்கு அதைவிடச் சங்கடமான வாக்கியம் கிடையாது. கேட்டுச் செய்ததும் பிசகியது: 2011 மார்ச் 17-ல் லிபியக் குடிமக்களைக் காக்க 1973-ம் தீர்மானம் நிறைவேறியது, பத்து நாடுகள் ஆதரவு, இந்தியா உட்பட ஐந்து விலகல். காக்கும் அனுமதி ஆட்சியைக் கவிழ்க்கும் அனுமதியாக நீண்டது. அதே ஆண்டு அக்டோபரிலேயே சிரியா பற்றிய தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தன. லிபியாவில் அனுமதியை நீட்டியதற்குச் சிரிய மக்களும் விலை கொடுத்தார்கள்.

வழி 4: கிறிஸ்தவ யதார்த்தவாதம்

இதற்குள் நுழைய ஒரே மனிதரின் இரண்டு பதவிகளைப் பார்த்தால் போதும். ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், போதகரின் மகன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சபைகளின் கூட்டமைப்பு நியமித்த ‘நீதியான, நிலைத்த சமாதானம்’ ஆணையத்துக்குத் தலைவர். 1943-ல் அந்த ஆணையம் சமாதானத்துக்கு ஆறு தூண்கள் என்று வெளியிட்டது, உலக நாடுகளின் ஒத்துழைப்பு அமைப்பு அதில் முதலாவது. மூன்றாம் வழிக்கு அதைவிட நல்ல வக்கீல் அன்று இல்லை. பத்தாண்டு கழித்து அவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர், தம்பி ஆலன் சி.ஐ.ஏ. இயக்குநர். 1953-ல் ஈரானில் மொசாதெக், 1954-ல் குவாத்தமாலாவில் அர்பென்ஸ் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்கள் இரகசியமாகக் கவிழ்க்கப்பட்டார்கள்.

பாசாங்கு என்று சொல்லி முடித்துவிடலாம். இந்த வழியின் முதன்மைச் சிந்தனையாளரான அமெரிக்க இறையியலாளர் ரைன்ஹோல்ட் நீபூர் அப்படி முடிக்க விடமாட்டார். டெட்ராய்ட்டில் 1915 முதல் 1928 வரை போதகராக இருந்து மோட்டார் தொழிற்சாலைகளின் நிழலில் ஊழியம் செய்தவர் அவர். தனி மனிதன் தன்னலத்தைச் சில நேரம் மீற முடியும், குழுக்களால், அதிலும் தேசங்களால், அது அநேகமாக முடியாது என்பது அவர் கண்டது. தேசம் தன் ஆசைக்கு நீதியின் உடை போட்டுக்கொள்ளும், அந்த உடையைத் தானே நம்பியும் விடும். ஏசாயா 10-ல் அசீரியா தேவனுடைய கோபத்தின் கோல். ஆனால் தன்னைப் பிடித்து வெட்டுகிறவனை மறந்து மேன்மைபாராட்டும் கோடரியும் அதுவே.

ஆகவே வல்லரசே, பட்டயத்தைக் கீழே போடாதே. அது பரிசுத்தமானது என்றும் நினைக்காதே. மற்ற பலத்தால் உன் பலம் கட்டுப்பட்டிருக்கட்டும். நீபூரின் ஆலோசனையைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

இதன் மிகச் சிறந்த பலன் மார்ஷல் திட்டம். 1948 முதல் 1952 வரை 16 ஐரோப்பிய நாடுகளுக்குச் சுமார் 1,300 கோடி டாலர். சோவியத்தைத் தடுக்கும் தன்னலமும், பட்டினி தீர்க்கும் இரக்கமும், அமெரிக்கச் சரக்குக்குச் சந்தையும் ஒரே மூட்டையில் இருந்தன. நோக்கம் கலப்படமாக இருந்ததால் ரொட்டி வயிற்றில் தங்காமல் போகவில்லை. பிரிட்டன் 1807-ல் அடிமை வணிகத்தைத் தடைசெய்து, கடற்படையை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பி, சுமார் ஒன்றரை லட்சம் பேரைக் கப்பல்களிலிருந்து விடுவித்ததும் அப்படிப்பட்ட கலப்படந்தான். அதே ஒழிப்பின் பெயரால் 1851-ல் லாகோஸைத் தாக்கி, 1861-ல் அதைத் தன் குடியேற்றமாகவும் ஆக்கிக்கொண்டது.

மறைவான செலவு: இதில் தடுப்புக் கட்டை இல்லை. ‘பாவம் நிறைந்த உலகம், வேறு வழியில்லை’ என்ற வாக்கியம் மனம் திரும்புதலின் தொடக்கமாக இருக்கலாம், தலையணையாகவும் இருக்கலாம். நீபூரிடம் அது தலையணை அல்ல. ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சை நியாயப்படுத்த முடியாது என்ற சபைகளின் 1946 அறிக்கையில் அவரும் கையெழுத்திட்டார், பின்னாளில் வியட்நாம் போரை எதிர்த்தார். அவர் பெயரைச் சொல்லி அமைச்சக அறைகளில் உட்கார்ந்தவர்களில் அந்தப் பாதியைப் படித்தவர்கள் குறைவு.

ஆயுதமில்லாத வலிமையும் இலவசமல்ல

நான்கு வழிக்காரரும் ஒத்துப்போகும் இடம் உதவியும் கடன் மன்னிப்பும். 2003 ஜனவரி 28-ல் புஷ் ஆற்றிய ஒரே உரையில்தான் ஈராக்குக்கு எதிரான வாதமும் இருந்தது, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு ஐந்து ஆண்டில் 1,500 கோடி டாலர் என்ற அறிவிப்பும் இருந்தது. இரண்டாவது, அமெரிக்க அரசின் கணக்கில் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்தது. ஆனால் 2025 ஜனவரி 20-ல் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திய ஓர் ஆணையால், ஆப்பிரிக்காவில் மருந்துக்கு நின்ற வரிசை சில நாட்களிலேயே அந்தரத்தில் தொங்கியது. கொடுப்பவன் கை ஒன்றே என்றால் அதன் மனநிலையும் சேர்ந்தே வரும்.

லேவியராகமம் 25-ன் யூபிலி ஆண்டை (நிலமும் விடுதலையும் திரும்பக் கிடைக்கும் ஐம்பதாம் ஆண்டு) முன்வைத்து, கடன் மன்னிப்புக் கேட்டு, 1998 மே மாதம் பர்மிங்ஹாமில் சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஏழை நாடுகளின் கடன்கள் பெருமளவு தள்ளுபடியாயின. பயன் பெற்ற ஜாம்பியா 2020-லும் கானா 2022-லும் மறுபடி கடன் கட்ட முடியாமல் நின்றன. பழைய கணக்கைத் துடைத்தார்களே தவிர, புதிய கடன் கொடுப்பவர் யார், எந்த வட்டிக்கு என்பதற்கு விதி போடவில்லை.

பொருளாதாரத் தடை மென்மையான ஆயுதம் என்று நினைப்பவர்கள் ஈராக் மேல் தடை விதித்த 1990 ஆகஸ்ட் 6-ன் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 661-ம் தீர்மானத்தைப் பார்க்கலாம். உணவுக்கு எண்ணெய் விற்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வர 1996 டிசம்பர் ஆனது. ஈராக் அதிபர் சதாம் அரண்மனையில் இருந்தார், குறைந்தது ஜனங்களின் பங்கு. ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று பிரசங்கங்களில் இன்றும் வரும் எண் மட்டும் பிற்கால ஆய்வுகளில் நிற்கவில்லை, அதை விட்டுவிடுங்கள். துன்பம் உண்மை, அதற்கு அந்த எண் தேவையில்லை.

| | சொந்த அரசைத் தடுத்ததா | அடிபடுகிறவனுக்கு | விலை யாருக்கு | தவறினால் |
|---|---|---|---|---|
| பட்டயம் தொடாத சாட்சி | எப்போதும் | முன்னும் பின்னும் உதவி. நடுவில் தன் உடல் மட்டும் | பெரும்பாலும் தனக்கு. சில நேரம் காக்கப்படாதவருக்கு | திரும்புவது எளிது |
| நீதியான போர் | பெல் போன்றவர் இருந்தால் | உதவலாம், தாமதமாக | மறுக்கும் சிப்பாய்க்கும் போர்க்கள மக்களுக்கும் | கடினம். பிந்தைய திட்டம் இருந்தால் ஓரளவு |
| பொது அதிகாரம் | விதியை ஒப்புக்கொண்டவரை மட்டும் | வல்லரசுகள் ஒத்துப்போனால் | வீட்டோவில் சிக்கியவருக்கு | மெதுவாக, ஆனால் வழி உண்டு |
| யதார்த்தவாதம் | அரிதாக | நலன் ஒத்துவந்தால் வேகமாக | சிறிய நாடுகளுக்கு | அதிகாரச் சமநிலை மாறும்போது |

யாருக்கு எது

உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது. நிவாரணப் பணியாளர், சமாதானத் தூது போகிறவர், போரிடும் இரு நாட்டிலும் அங்கத்தினர் உள்ள சபை ஆகியோருக்கு முதல் வழி. இவர்கள் ஒரு தரப்பின் பட்டயத்தை ஆசீர்வதித்த அன்றே மறு தரப்பின் கதவு மூடிவிடும். வாக்காளர், சிப்பாய், பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோருக்கு இரண்டாவது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு குறிப்பிட்ட போர் பற்றிச் சொல்ல வேண்டியவர்களுக்கு நிபந்தனைப் பட்டியல் தேவை. சிறிய நாட்டின் குடிமகனுக்கு மூன்றாவது வழியை விட்டால் வேறு பாதுகாப்பு அதிகம் இல்லை, அதன் ஓட்டைகள் தெரிந்தும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் அவர். அமைச்சகத்தில் வேலை செய்பவருக்கு நான்காவது இயல்பாக வரும். அதனாலேயே அவர் அருகில் இரண்டாம் வழிக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

வல்லரசின் பிரஜையாக இருந்து ஒன்றுதான் தேர்வு செய்ய முடியும் என்றால், இரண்டாவது. குறைகள் தெரிந்தே இதைச் சொல்கிறோம். மற்ற மூன்றில் ஒருவர் தவறியதை அவரிடமே நிரூபிக்க முடியாது, இதில் முடியும், நிபந்தனைகள் எழுத்தில் இருப்பதால்.

எழுத்தில் என்றால் உண்மையாகவே எழுத்தில். படை நகரும் செய்தி வந்ததும் வகுப்பில் ஒரு தாள் எடுத்துத் தேதி போடுங்கள். ஆறு நிபந்தனைகளையும் கீழே கீழே எழுதி, மூன்று பத்தி பிரியுங்கள்: அரசு சொல்வது, அரசைச் சாராத சான்று, எந்தத் தகவல் வந்தால் நம் கருத்து மாறும். மூன்றாவது பத்தியை நிரப்ப முடியாதவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று பொருள். பிறகு இரு நாட்டின் பெயர்களையும் இடம் மாற்றி எழுதி மறுபடி வாசியுங்கள். அப்போது விடை மாறினால், அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் குண்டு விழுந்த பிறகு இதைச் செய்வதில் பயன் குறைவு. ‘நம் பிள்ளைகள் களத்தில் இருக்கிறார்கள்’ என்ற உணர்வு எல்லாப் பத்திகளையும் நிரப்பிவிடும். தாளைச் சபைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்து, ஆறு மாதம் கழித்து அதே குழுவோடு எடுத்துப் பாருங்கள்.

2003 மார்ச் முதல் வாரத்துக்கு அந்தத் தாளை நிரப்பிப் பழகலாம், எல்லாத் தகவலும் இப்போது பகிரங்கமாக இருப்பதால் வகுப்புக்கு ஏற்ற பயிற்சி. ‘கடைசி வழி’ வரியில் அரசின் பத்தி: சதாமுக்குக் கொடுத்த அவகாசம் முடிந்தது. சான்றுப் பத்தி: ஐ.நா. ஆய்வாளர் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7-ல் பாதுகாப்பு கவுன்சிலில் சொன்னது, மீதி வேலைக்கு ஆண்டுகள் வேண்டாம், வாரங்களும் போதாது, மாதங்கள் வேண்டும். ஆய்வாளர்கள் மார்ச் 18-ல் வெளியேறினார்கள். ‘வெற்றி வாய்ப்பு’ வரியில், பாக்தாத்தைப் பிடிப்பதற்கு முதல் பத்தியில் நிறைய எழுதலாம். பிடித்த மறுநாள் காலை ஊருக்குக் காவல் யார் என்பதற்கு அந்தப் பத்தியில் எழுத எதுவும் இருக்காது.